செபாஸ்தியம்மாளைக் கட்டிப்போட்ட மாடு

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை குருசடிப்பட்டிக்கு மாடு எண்ண ஒருவர் வருவார். முதல் தடவை வந்தபோது செபாஸ்தியம்மாள் வீட்டில் ஒன்பது மாடு. மேய்ச்சலுக்குப் போனவை திரும்பும்வரை காத்திருந்து, இரண்டு செம்பு மோர் குடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து எண்ணிக்கொண்டு போனார். அடுத்த தடவை மூன்று மாடு; மோர் ஒரு செம்போடு முடிந்தது. 2003-இல் வந்தபோது ஒன்றே ஒன்று. சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே எண்ணி முடித்துவிட்டார்.

“ஒன்னுதானா?” என்று கேட்டார்.

“மாடு ஒன்னுதான் சார். அதுக்கு ஆளு ரெண்டு” என்றார் செபாஸ்தியம்மாளின் வீட்டுக்காரர் கஸ்பார்.

ஆள் கணக்கை அரசாங்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையை அரசாங்கமே எழுதியிருக்கும்.

வேடசந்தூரிலிருந்து குஜிலியம்பாறை போகிற வழியில், மழையை நம்பிக் கெட்டுப்போன ஊர்களில் குருசடிப்பட்டியும் ஒன்று. பாதி ஊர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும். மறுபாதி செவ்வாய்க்கிழமை காளியம்மனைப் பார்க்கும். இரண்டு பாதியும் தினமும் காலையில் பால் சொசைட்டி வாசலில் ஒரே வரிசையில் தூக்குவாளியோடு நிற்கும். அந்த வரிசையில் யாருடைய முழங்கை யாரை இடித்தது என்பதுதான் ஊரின் அன்றாடச் செய்தி.

செபாஸ்தியம்மாளை ஊர் செபா என்று கூப்பிடும். முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் பஸ் ஏறிவிடுவாள் என்பதால் வந்த சுருக்கம் அது. பிறந்ததிலிருந்தே அவள் கால் ஓரிடத்தில் நின்றதில்லை. தேர் என்றால் போவாள், கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்கிற விருந்து என்றால் போவாள், கருமாதி என்றால் முதல் ஆளாகப் போவாள். நத்தத்தில் மாமரம் பூத்துவிட்டது என்று யாராவது சும்மா சொன்னால்கூட, நிஜமா என்று பார்த்துவரக் கிளம்பிவிடுவாள். இதற்கெல்லாம் மேலே, வருஷம் தவறாமல் ஆகஸ்டு மாதம் காவிச் சேலை கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கொடியைப் பிடித்துக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடப்பாள். மணப்பாறை, திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம். ஊரிலிருந்து நாற்பது பேர் போவார்கள். முப்பத்தொன்பது பேர் கொப்புளத்தோடு திரும்புவார்கள். செபா மட்டும், ‘அதுக்குள்ள கடல் வந்துருச்சே’ என்று கடல்மீது வருத்தத்தோடு திரும்புவாள்.

அவள் ஊர் சுற்றும்போது ஒன்பது மாடும் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் நாட்டு மாட்டின் பெருமை. காலையில் தாமாகவே புறம்போக்கில் மேயப் போகும், பொழுது சாயத் தாமாகவே வந்து கட்டுத்தறியில் நிற்கும். கன்றை அவிழ்த்துவிட்டு யார் உட்கார்ந்தாலும், ஆளுக்கேற்ற பாலைக் கொடுக்கும். கஸ்பார் கறந்தாலும் சரி, மகள் வினோலியா கறந்தாலும் சரி, வழியில் போகிறவர் தாகத்துக்குக் கறந்தாலும் சரி. ஒன்பதும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆறு லிட்டர். கேட்கவே வெட்கமான கணக்கு.

அந்த வெட்கத்தை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர் சொசைட்டி செக்ரட்டரி கண்ணுசாமி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, வாயில் எப்போதும் ‘ங்க’. யாரையும் ஒருமையில் பேசியறியாத மனுஷன். தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஒரு கூட்டம் போட்டார்.

“முன்ன நம்ம ஊர்ல முந்நூறு மாடுங்க. சொசைட்டிக்கு வந்த பாலு நூறு லிட்டருங்க. இன்னைக்கு மாடு பாதியாயிருச்சு, பாலு ரெட்டிப்பாயிருச்சுங்க. கலப்பின மாடு வாங்குங்க. மாட்டக் குறைங்க, பாலக் கூட்டுங்க!”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்ப மாடே இல்லாமப் போனா பாலு ஆறாவுல்ல ஓடும்?”

அது அய்யம்மாள். செபாவின் பக்கத்து வீட்டுக்காரி. வீட்டுக்குப் பின்னால் கனகாம்பரம் போட்டிருந்தாள், கோழி வளர்த்தாள், தொண்டையும் வளர்த்தாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே ரோட்டில் போகிற பஸ் நிறுத்திக் கேட்கும்.

கண்ணுசாமி கூட்டத்தில் விழுந்த மாலையைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனார். காலம் அவர் பக்கம் இருந்தது. புறம்போக்கின் ஒரு பக்கத்தை ஒரு நூல் மில் வளைத்து வேலி போட்டது. இன்னொரு பக்கத்தைச் சீமைக்கருவேலம் யாரையும் கேட்காமல் வளைத்தது. அந்த மில்லிலேயே கஸ்பாருக்கு வேலை கிடைத்தது. மாடு மேய இடமும் போய், மேய்க்க ஆளும் போனது. ஒவ்வொன்றாக மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டினார்கள். அந்த இடத்துக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு வெள்ளை மாடு கன்றோடு லாரியில் வந்து இறங்கியது.

“ஏனுங்க, இத மாடுன்னு நெனச்சுக் கட்டாதீங்க” என்றார் விற்றவர். “இது ஒரு பெரிய மனுசிங்க. அதுக்குத் தக்கன நடந்துக்கோணுங்க.”

அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாளைக்குப் பதினான்கு லிட்டர். ஒன்பது மாடு சேர்ந்து கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கண்ணுசாமி மாட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோவில் மாடு வேறு பக்கம் பார்க்கிறது.

வந்த மறுவாரமே கன்று செத்துவிட்டது. சீமாட்டி மடியைக் கல்லாக்கிக்கொண்டு நின்றது. கஸ்பார் உட்கார்ந்தால் உதை. வினோலியா உட்கார்ந்தால் வாலால் ஓர் அறை. கண்ணுசாமி யோசனை சொல்லிக்கொண்டு பக்கத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை அன்றோடு வெள்ளையாக இல்லாமல் போனது. வேறு வழி தெரியாத செபா, முக்காலியைப் போட்டு மடிக்குக் கீழே உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். மணி உருட்டக் கை காலியில்லை. காம்பையே மணியாக வைத்துக்கொண்டு, “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கினாள். முதல் தேவ இரகசியத்தின் பத்து மரியே முடிவதற்குள் மடி இளகிவிட்டது. பால் நுரைத்து வாளியில் இறங்கியது.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. காலையிலும் மத்தியானத்திலும் செபா உட்காருவாள், மரியே என்பாள், சீமாட்டி இறக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் ஒரு சொட்டு கிடையாது. சேதி பரவி, ஜெபமாலைக்குப் பால் சுரக்கும் மாடு என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்தார்கள். இதை மாதா செய்த புதுமை என்று அறிவிப்பதா, தெய்வநிந்தனை என்று கண்டிப்பதா என்று பங்குச் சாமியாருக்குக் குழப்பம். அவருக்குக் காலைக் காப்பிக்கு அந்தப் பால்தான் போய்க்கொண்டிருந்தது. குழப்பத்திலேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தார். பிற்பாடு ரோமாபுரியில் ஜெபமாலைக்குப் புதிதாக ஐந்து தேவ இரகசியங்களைச் சேர்த்தபோது, ஊரில் எல்லாருக்கும் ஒரே கவலைதான். மாடு ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொண்டது. செபாவின் கால்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

காலையில் ஒரு கறவை, மத்தியானம் ஒரு கறவை. நடுவில் கிடைக்கிற பொழுதில் திண்டுக்கல் போய்த் திரும்பலாம். அதற்குமேல் உலகம் கிடையாது. பால் வற்றுகிற இரண்டு மாதம் விடுதலைதானே என்றால், நிறைசினை மாட்டை விட்டுவிட்டு எவள் போவாள்? திருப்பூரில் வினோலியாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். செபா காலைக் கறவையை முடித்துவிட்டுப் போய், தண்ணீர் ஊற்றியதும் திரும்பி, மத்தியானக் கறவைக்குப் பிந்தி வந்து உதை வாங்கினாள். அந்த வீட்டு ஆல்பத்தில் அவள் இருக்கிற எல்லாப் படத்திலும் தோளில் பை இருக்கும், முகம் வாசலைப் பார்த்திருக்கும்.

மில் பஸ் காலையில் ஊருக்குள் வரும். செபா அதில் ஏறிக் கடைசி வீடுவரை போய், இறங்கி, நடந்து வருவாள். டிரைவர் ஒருநாள் கேட்டார், “எங்கக்கா போறீங்க?”

“எங்கயும் இல்லப்பு. சும்மா ஒக்காந்துட்டு வந்தேன்.”

கையில் பையோடு யார் தெருவில் போனாலும் அவள் வேலிக்கு ஓடிவருவாள். “எங்க போறீய? எந்த வண்டி? சீட்டு கெடைக்குமா?” கடன்காரனை விசாரிப்பதைப்போல விசாரிப்பாள். மாடு முளைக்குச்சியைச் சுற்றி வரும். இவள் மாட்டைச் சுற்றி வருவாள். கயிறு மாட்டின் கழுத்தில் இருந்தது என்பதால், மாடுதான் கட்டப்பட்டிருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நடுவே ஒரு சின்ன விஷயம் உண்டு. ஊர் அதைக் காக்கைச் சத்தம்போல எடுத்துக்கொண்டது. செபா கறக்க உட்காருகிற நேரம்தான் அய்யம்மாளின் கோழிகள் வேலி நுழைந்து தவிட்டுத் தொட்டிக்கு வரும். வந்ததும் ஜெபமாலையின் நடுவே இன்னொரு மாலை ஆரம்பிக்கும்.

“அருள் நிறைந்த மரியே... ஏடி அய்யம்மா! ஒங் கோழிக்கு வீட்ல தீனி போட மாட்டியா?”

“எங் கோழி வழி தவறி வந்துருச்சு. ஒன்ன மாதிரி ஊர் மேயப் போகல!”

“...பாவிகளாயிருக்கிற எங்களுக்காக... கழுத்தத் திருகிக் கொழம்பு வைக்கிறனா இல்லையா பாரு!”

“வையி, வெஞ்சனத்துக்கு நான் கத்திரிக்கா தாரேன்!”

ஏழு வருஷம் இப்படியே போயிற்று. 2003 ஜூலையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் தையல்காரர் அருள்நாதன் எல்லாரையும் நிற்கச் சொன்னார். வேளாங்கண்ணி நடைக்கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

“நாப்பது பேரா இருந்தம். போன வருசம் பதினோரு பேரு. எல்லாருக்கும் மில்லு, யாருக்கும் லீவு இல்ல. அதனால இந்த வருசந்தான் கடைசி நடை. அடுத்த வருசத்துல இருந்து வேன். ஏறுனமா, எறங்குனமான்னு இருக்கும்.”

செபா வீட்டுக்கு வந்தாள். பெட்டியிலிருந்து காவிச் சேலையை எடுத்து உதறினாள். பாச்சை உருண்டை நாலா பக்கமும் ஓடியது.

“நான் நடக்கப் போறேன்” என்றாள்.

“மாடு?” என்றார் கஸ்பார்.

“அதையும் கூட்டிட்டுப் போகவா? நீ கறந்துக்கிரு. ஒரு மாசம் இருக்கு, படி.”

கஸ்பார் அதிர்ந்து பேசாதவர். மில் இரைச்சலுக்குள் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர், வீட்டில் இருக்கிற கொஞ்சச் சத்தத்தையும் கூட்ட விரும்பமாட்டார். மறுநாள் காலையில் மனைவியின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டார். தலையில் முக்காடு போட்டார். கையில் இரண்டு வளையலையும் நுழைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். இந்தக் காட்சியை விடக்கூடாது என்று அய்யம்மாள் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்துவிட்டு, மூச்சுக்கூட விடாமல் வேலி ஓரம் நின்றாள்.

கஸ்பார் மரியே சொன்னார். மில் ஷிப்டு வேகத்தில் சொன்னார். சீமாட்டி திரும்பிப் பார்த்தது, முக்காட்டை முகர்ந்தது, யோசித்தது. பிறகு வாளி ஒரு பக்கம் போயிற்று, கஸ்பார் ஒரு பக்கம் போனார், வளையல் அய்யம்மாளின் கனகாம்பரத்துக்குள் போயிற்று.

“எறக்கமில்லாத மாடு” என்றார் கஸ்பார், விழுந்த இடத்திலிருந்தே. அவர் வாயிலிருந்து வந்த ஆகப்பெரிய வசவு அதுதான்.

சேதி கேட்டு கண்ணுசாமி ஓடிவந்தார். சீமாட்டியின் பால் நின்றால் சொசைட்டியின் பால் வரவைக் காட்டுகிற கோடு கீழே இறங்கிவிடும். அந்தக் கோடு போட்ட தாளைச் சுவரில் ஒட்டிவைத்து ஏழு வருஷமாக அதன் நிழலில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். “டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சுரலாங்க” என்றார். “குரலு அவங்க குரலு, கையி யாரு கையின்னு மாட்டுக்கு என்னங்க தெரியும்?”

பதிவு பெரிய சடங்காக நடந்தது. செபா நல்ல சேலை கட்டிக்கொண்டு, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில், ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்து ஐம்பது மரியேயும் சொன்னாள். நாய் குரைத்தால்கூடப் பதிவு கெடும் என்று கண்ணுசாமி அய்யம்மாளிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “எனக்கென்ன வந்துச்சு” என்று அவளும் திறக்கவில்லை. கேசட்டைப் போட்டார்கள். சீமாட்டி காதைச் சாய்த்து, கண்ணை மூடி, அசைபோட்டுக்கொண்டு பக்தியோடு கேட்டது. பால் மட்டும் தரவில்லை. ஒரு பக்கம் ஓடி முடிந்து டேப் ‘டக்’ என்றதும் மிரண்டு, முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு குஜிலியம்பாறை ரோட்டில் ஓடியது.

செபா அது ஓடுகிறதையே பார்த்தாள். “அதாச்சும் போகுதே” என்றாள்.

நடைக்கூட்டம் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. அருள்நாதன் வந்து, “என்ன செபா, பேரு எழுதிக்கவா?” என்று கேட்டார். அவள் காவிச் சேலையை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அன்றைக்கு முழுக்க அவள் நடக்கவில்லை. மில் பஸ் வந்தது, போயிற்று, எட்டிப் பார்க்கவில்லை. தெருவில் இரண்டு பேர் பையோடு போனார்கள். எங்கே என்று கேட்கவில்லை. கஸ்பாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அய்யம்மாளுக்கும்தான்.

மறுநாள் காலை செபா கறக்க உட்கார்ந்தபோது, அய்யம்மாள் வேலியைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள். கையில் ஒரு முழம் கனகாம்பரம்.

“வச்சுக்கடி” என்றாள், யாருடைய குரலையோ கடன் வாங்கியதுபோல மெதுவாக. “விடு. அடுத்த வருசம் வேன்ல போலாம். ஏசி வேனாம்.”

செபா மரியே சொன்னாள். பால் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். வரவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, செபாவின் கைக்கே சீமாட்டி மடியைக் கல்லாக்கிக்கொண்டு நின்றது.

“என்னடி ஆச்சு இதுக்கு?” என்று அய்யம்மாள் இன்னும் மெதுவாகக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு செங்கோழி தவிட்டுத் தொட்டியின் விளிம்பில் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்து, சாவகாசமாக அதற்குள் குதித்தது.

செபாவுக்கு எங்கிருந்தோ வந்தது. “ஏடி, பூவக் குடுத்துட்டுக் கோழிய மேயவிடுறியா? ஒங்க குடும்பமே எம் மாட்டுத் தவிட்டுலதான் வளந்துச்சு!”

“யாரு குடும்பத்தச் சொன்ன?” அய்யம்மாளின் சொந்தக் குரல் திரும்பி வந்தது. “போனாப் போகுதுன்னு பூ கொண்டாந்தேன் பாரு, என்னச் சொல்லணும்! ஒங்க வீட்டுச் சாணி நாத்தத்துல எம் பூவே மணக்க மாட்டேங்குது!”

‘சொர்ர்’ என்று வாளிக்குள் பால் விழுந்தது.

இருவரும் நிறுத்தினார்கள். பால் மெலிந்து, இழையாகி, நின்றது.

செபா மெல்ல நிமிர்ந்தாள். “இன்னொரு தடவ வையி” என்றாள்.

“என்னன்னு வைய?”

“வாயில வந்தத வையி.”

அய்யம்மாள் வைதாள். செபா திருப்பினாள். சீமாட்டி நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு இறக்கியது. நடுவில் செபா எழுந்து, முக்காலியை அய்யம்மாளிடம் தள்ளிவிட்டு வேலிப் பக்கம் போய் நின்றாள். அய்யம்மாள் காம்பைப் பிடித்தாள். செபா அவளுடைய மாமியாரில் ஆரம்பித்து மூன்று தலைமுறையையும் விசாரித்தாள். பால் வாளியின் கழுத்துவரை வந்தது. மரியே தேவைப்படவே இல்லை. பங்குச் சாமியாரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. காப்பியை மட்டும் வழக்கம்போல் கொடுத்தனுப்பினார்கள்.

ஆக அய்யம்மாள் கறப்பாள். சரி. ஆனால் செபா போய்விட்டால் எதிரில் நின்று யார் வைவது? இருவரும் ஒரே நேரத்தில் கஸ்பாரைப் பார்த்தார்கள். அவர் ஷிப்டு முடிந்து வந்து, பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

பயிற்சி அன்றைக்கே ஆரம்பித்தது.

“தங்கச்சி...” என்றார் கஸ்பார், வேலியைப் பிடித்துக்கொண்டு. “கோழி... கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துருச்சு.”

“இது வசவா, தகவலா?” என்றாள் அய்யம்மாள், மடிக்குக் கீழேயிருந்து. “எங்கப்பன இழுங்கண்ணே!”

“ஒங்கப்பா நல்ல மனுசனாச்சே. நம்ம கெணறு தோண்டயில கூட வந்து நின்னாரு.”

“அய்யோ! அப்ப எம் புருசன இழுங்க. அவரு ஒன்னும் தோண்டல.”

இரண்டு நாள் ஓடியது. கஸ்பார் கெஞ்சினார், விளக்கினார், வருத்தம் தெரிவித்தார். சீமாட்டி நின்றுகொண்டே தூங்கியது. மூன்றாம் நாள் செபா விடுவிடென்று வந்தாள். “போதும், விட்டுரு. ஒன்னால முடியாது. நான் எங்கயும் போகல” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

கஸ்பார் அவள் முதுகைப் பார்த்தார். அப்போதுதான் ஒரு கோழி வேலிக்கு அடியில் நுழைந்தது.

“ஏ அய்யம்மா!” என்று கத்தினார். மாடு, மனுஷி, கோழி எல்லாம் நிமிர்ந்து பார்த்தன. “ஒங் கோழிய அடக்க மாட்டியா? ஏழு வருசமா எம் பொண்டாட்டி இந்த மாட்டுக்கடியில கெடக்கா! பஸ்ஸு வந்தா வாசல்ல நிக்கிறா, போனா நிக்கிறா! மக வீட்டுக்குப் போயி ஒரு வா சோறு ஒக்காந்து திங்கல! ராத்திரி தூக்கத்துல காலு நடக்குது அவளுக்கு, நான் பாத்துக்கிட்டே கெடக்கேன்! ஒங் கோழி மட்டும் நெனச்ச நேரம் வருது, நெனச்ச நேரம் போகுது! யாரு குடுத்தா அதுக்கு அம்புட்டு உரிமை?”

கோழிமேல் சுமத்த முடியாத குற்றம்தான். கோழி நியாயமாக எதிர்வாதம் செய்திருக்கலாம். ஆனால் அய்யம்மாள் எதிர்வாதத்தை எடுத்துக்கொண்டாள். “நீங்கதான மாட்ட வாங்குனீய! அன்னைக்கு எங்க போச்சு இந்தத் தொண்டை?” என்று அவள் கத்த, வாளிக்குள் சொர்ர் சொர்ர் என்று இறங்கியது.

உள்ளே போன செபா நடையிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

கிளம்புகிற அன்று அய்யம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். “அங்க எனக்கும் ஒரு மெழுகுத்திரி ஏத்து.”

“என்ன வேண்டுதல்?”

“அத ஒங்க மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒன்கிட்டச் சொன்னா சண்டையில எடுத்து வீசுவ.”

தஞ்சாவூர் தாண்டும் முன் செபா ஒரு எஸ்டிடி பூத்தில் நின்றாள். ஊரில் போன் இருந்தது சொசைட்டியில்தான். கண்ணுசாமி எடுத்தார்.

“பாலு எம்புட்டுண்ணே?”

“குறைவே இல்லீங்க. அரை லிட்டர் கூடத்தாங்க வருது.”

“அவரக் கூப்புடுங்களேன்.”

“இப்ப முடியாதுங்க. கறவை நடக்குதுங்க. நீங்களே கேளுங்க” என்று ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். தெருவைத் தாண்டி, கம்பி வழியாக, தஞ்சாவூர்வரை கஸ்பாரின் குரல் வந்தது. அய்யம்மாளின் புருஷனை இழுத்துக்கொண்டிருந்தார். நன்றாகவே இழுத்தார்.

செபா போனை வைத்தாள். வெளியே வந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த கூட்டத்தை எட்டிப் பிடித்து, தாண்டி, அருள்நாதன் கையிலிருந்த கொடியை வாங்கிக்கொண்டாள். “மெதுவா நட செபா, கடல் எங்கயும் போயிறாது” என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

மறுவருஷம் சொன்னபடி வேன் வந்தது. அருள்நாதன் ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார். செபா வேனுக்குப் பக்கத்தில் காவிச் சேலையோடு வந்து நின்றாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், “நல்லாத்தான் இருக்கு” என்றாள். பிறகு ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு காவிச் சேலை அவசர அவசரமாக வந்தது.

“நீ எங்கடி?”

“போன வருசம் நீ ஏத்துன மெழுகுத்திரி பாதியில அணைஞ்சிருக்கும்போல. ஒன்னும் நடக்கல” என்றாள் அய்யம்மாள். “நானே போயி ஏத்துறேன்.”

“ஊதி அணைக்காம இருந்தாச் சரி. ஒந் தொண்டைக்கு மெழுகுத்திரி தாங்குமா?”

சண்டை போட்டுக்கொண்டே இருவரும் வளைவில் மறைந்தார்கள். ரோட்டோர மாடுகளெல்லாம் அன்றைக்கு நன்றாகக் கறந்திருக்கவேண்டும்.

குருசடிப்பட்டியில் கஸ்பார் முக்காலியைப் போட்டு மடிக்குக் கீழே உட்கார்ந்தார். இந்த ஒரு வருஷத்தில் சீமாட்டி அவர் கையைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், ஊரின் பால் கோடு இறங்காமல் காப்பாற்றுகிற பொறுப்போடு, செக்ரட்டரி கண்ணுசாமி வந்து நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“ஏனுங்க கஸ்பாரு” என்றார். “நீங்க... நீங்க ஒரு மோசமான ஆளுங்க.”

“அப்பிடிங்களாண்ணே” என்றார் கஸ்பார்.

“தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லல்ல, நீங்க சொல்லுங்க.”

சீமாட்டி திரும்பி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த வாரம் சொசைட்டிச் சுவரில் கோடு கீழே இறங்கியது. காரணம் என்று எழுதவேண்டிய இடத்தில், கண்ணுசாமி பையிலிருந்த இரண்டு பேனாவில் நன்றாக எழுதுகிற பேனாவை எடுத்து, ‘வறட்சி’ என்று எழுதினார்.